உயிருள்ள சுண்டெலிக்குள் நானோ துகளைப் பின்தொடர்தல்: அணுக்கருப் படம் எதைக் காட்டுகிறது?

ஒரு சுண்டெலியின் பெட் ஸ்கேன் படம். மருந்து சுமக்கும் நானோ துகளை வால் சிரையில் செலுத்தி மூன்று நாளாகிவிட்டது. கட்டி இருக்கும் இடம் மிதமாகத் தெரிகிறது, கல்லீரல் பளிச்சென்று இருக்கிறது. கூடவே இரண்டு முழங்கால்களும் தோள் மூட்டுகளும் முதுகெலும்பும் ஒளிர்கின்றன. துகள் எலும்பைத் தேடிப் போகிறது என்று எழுதிவிடத் தோன்றும். பெரும்பாலும் அது தவறான முடிவு. துகளில் பொருத்தியிருந்த சிர்கோனியம்-89 என்ற கதிரியக்க அணு கழன்றுவிட்டது என்பதுதான் அந்த ஒளிர்வின் பொருள். தனித்து அலையும் சிர்கோனியம் எலும்பின் தாதுப் பகுதியில், அதுவும் வளர்ச்சி நடக்கும் மூட்டு முனைகளில், போய் ஒட்டிக்கொள்ளும். துகள் வேறெங்கோ இருக்கிறது, அல்லது சிதைந்தே போயிருக்கிறது.

அணுக்கருப் படமெடுப்பில் கேமரா நானோ துகளைப் பார்ப்பதில்லை. துகளோடு சேர்த்து அனுப்பிய கதிரியக்க அணு எங்கே சிதைகிறதோ அந்த இடத்தைத்தான் பார்க்கிறது. அணுவும் துகளும் சேர்ந்தே இருக்கும்வரை படம் துகளின் கதையைச் சொல்லும். பிரிந்த கணத்திலிருந்து சொல்வது வேறொரு கதை, ஆனால் படத்தின் தோற்றத்தில் எந்த மாற்றமும் இருக்காது. அதனால் இந்தத் துறையில் உழைப்பின் பெரும்பங்கு ஸ்கேனருக்கு வெளியே, அணுவைத் துகளோடு கட்டுவதிலும் அந்தக் கட்டு நிற்கிறதா என்று சோதிப்பதிலும் செலவாகிறது.

இவ்வளவு சிரமம் எதற்கு? காரணம் உணர்திறன். எம்ஆர்ஐ கருவிக்குத் தெரிய வேண்டுமானால் மாறுபாட்டுப் பொருள் மைக்ரோமோலார் முதல் மில்லிமோலார் அளவில் திசுவில் சேர வேண்டும். பெட் கருவிக்குப் பிகோமோலார் அளவே, அதாவது மைக்ரோமோலாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே போதும். ஒளிரும் சாயம் பூசிய துகளைத் தோலுக்கடியில் பார்க்கலாம். சில மில்லிமீட்டர் ஆழம் போனாலே ஒளி சிதறி, கல்லீரலில் எவ்வளவு, கட்டியில் எவ்வளவு என்று நம்பி எண் சொல்ல முடியாமல் போகும். காமா கதிருக்கு ஒரு சுண்டெலியின் உடல் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஒரு சுண்டெலிக்குக் கொடுக்கும் 3.7 மெகாபெக்கரல் (நொடிக்கு 37 லட்சம் சிதைவுகள்) சிர்கோனியம்-89 என்பது ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி அணுக்கள். எடையில் கால் நானோகிராம்கூட இல்லை. அதே ஊசியில் 100 நானோமீட்டர் விட்டமுள்ள லிப்போசோம் (கொழுப்புச் சவ்வாலான நுண்குமிழி) 1 மில்லிகிராம் இருந்தால், அதில் சுமார் 10 லட்சம் கோடி துகள்கள் இருக்கும். ஆக ஏழு துகளுக்கு ஒன்றில்தான் தடங்காட்டி அணு, அதாவது அந்தக் கதிரியக்க அணு, உட்கார்ந்திருக்கிறது. மற்ற ஆறும் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே ஓடுகின்றன. அந்த ஒன்று மற்ற ஆறைப் போலவே நடந்துகொள்ளும் என்பது நாம் எடுத்துக்கொள்ளும் அனுமானம். தடங்காட்டி பொருத்தும்போது துகளின் மேற்பரப்பு மாறினால் அந்த அனுமானம் அங்கேயே உடையும்.

இன்னொரு காரணம் விலங்குகள். பழைய முறையில் ஒவ்வொரு நேரப் புள்ளிக்கும் ஐந்து சுண்டெலிகளைக் கொன்று உறுப்புகளை எடுத்து எண்ண வேண்டும். ஐந்து நேரப் புள்ளி என்றால் 25 உயிர்கள். படமெடுத்தால் அதே ஐந்து விலங்குகளைத் தொடர்ந்து பார்க்கலாம், கடைசி நாளில் மட்டும் உறுப்புகளை எடுத்தால் போதும். ஒவ்வொரு விலங்கும் தனக்குத்தானே ஒப்பீடாக நிற்பதால் எண்களின் சிதறலும் குறைகிறது.

எந்த அணு?

முதல் விதி, அணுவின் அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம்) துகளின் பயண நேரத்தோடு பொருந்த வேண்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரால் போர்த்திய லிப்போசோம் நாள்கணக்கில் இரத்தத்தில் சுற்றும், கட்டியில் உச்ச அளவை எட்டவே ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். ஃபுளோரின்-18 அரை ஆயுள் 110 நிமிடம். ஆறு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், மறுநாள் காலை பார்க்க எதுவும் இருக்காது. காலியம்-68 இன்னும் குறைவு, 68 நிமிடம். இவை இரண்டும் சிறுநீரகம் வழியாகச் சட்டென்று வெளியேறும் மிகச் சிறிய துகள்களுக்கு ஏற்றவை. தாமிரம்-64 அரை ஆயுள் 12.7 மணி நேரம், இரண்டு நாள் வரை தாங்கும். சிர்கோனியம்-89 அரை ஆயுள் 78.4 மணி நேரம், ஒரு வாரம் வரை பார்க்கலாம். அயோடின்-124 அரை ஆயுள் 4.2 நாள். அணு வீசும் காமா கதிரை நேரடியாகப் பிடிக்கும் ஸ்பெக்ட் கருவியின் பக்கம் வந்தால் டெக்னீசியம்-99எம் 6 மணி நேரம், இண்டியம்-111 2.8 நாள்.

அரை ஆயுள் மட்டும் பார்த்தால் போதாது. பெட் கருவிக்குத் தேவை பாசிட்ரான், அதாவது எலக்ட்ரானின் எதிர்த்துகள். ஃபுளோரின்-18 சிதைவுகளில் சுமார் 97 சதவீதம் பாசிட்ரானைத் தரும். சிர்கோனியம்-89 தருவது 23 சதவீதம், தாமிரம்-64 தருவது 18 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே ஒரே மெகாபெக்கரல் கொடுத்தாலும் தாமிரத்தில் கிடைக்கும் சைகை ஃபுளோரினில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான், ஸ்கேன் நேரத்தை நீட்ட வேண்டியிருக்கும். பாசிட்ரான் பிறந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் ஓடி அழிகிறது என்பதும் உண்டு. ஃபுளோரினிலும் தாமிரத்திலும் அது சராசரியாக அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், காலியத்தில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். மனிதக் கல்லீரலில் 3 மில்லிமீட்டர் பொருட்டல்ல. சுண்டெலியின் நிணநீர் முடிச்சே 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். சிர்கோனியம்-89 கூடவே 909 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா கதிரையும் வீசுவதால் டெக்னீசியத்துக்குப் போதுமான ஈயக் கவசம் இதற்குப் போதவே போதாது.

பெட்டா, ஸ்பெக்ட்டா? சிறுவிலங்கு பெட் கருவிகள் பொதுவாக 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை பிரித்துக் காட்டும், வரும் கதிர்களில் சில சதவீதத்தைப் பிடித்துவிடும். பல ஊசித்துளைகள் கொண்ட ஸ்பெக்ட் கருவி அரை மில்லிமீட்டரையும் பிரிக்கும். ஆனால் உலோகத் தடுப்பின் துளை வழியே வரும் கதிரை மட்டுமே ஏற்பதால் பிடிப்பது மிகக் குறைவு. அதனால்தான் ஸ்பெக்ட்டில் சுண்டெலிக்கு 20 முதல் 40 மெகாபெக்கரல் டெக்னீசியம் தேவைப்படுகிறது, பெட்டில் 4 முதல் 7 மெகாபெக்கரல் ஃபுளோரின் போதும். ஸ்பெக்ட்டுக்கு மட்டுமே உள்ள ஒரு வசதி, ஆற்றல் வேறுபாட்டை வைத்து இரண்டு ஐசோடோப்புகளை ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பார்க்கலாம். டெக்னீசியத்தின் கதிர் 140, இண்டியத்தின் கதிர்கள் 171, 245 கிலோ எலக்ட்ரான்வோல்ட். பெட்டில் பாசிட்ரான் அழியும்போது வரும் கதிர் எல்லாமே 511 என்பதால் அதற்கு வழியில்லை. இந்த வசதி ஏன் முக்கியம் என்பது பின்னால் வருகிறது.

கட்டுவது எப்படி?

மூன்று வழிகள் உண்டு. துகளின் மேற்பரப்பில் கிலேட்டர் என்ற கொடுக்கு போன்ற மூலக்கூறைப் பொருத்தி, அதில் உலோக அணுவைப் பிடிக்க வைப்பது ஒன்று. லிப்போசோம் போன்ற குழிவான துகளின் உள்ளே அணுவை அடைப்பது இன்னொன்று. துகளின் உடலிலேயே அணுவைக் கலந்துவிடுவது மூன்றாவது.

மிகப் பரவலாக நடப்பது முதல் வழி. சிர்கோனியம்-89க்கு டிஎஃப்ஓ என்ற கிலேட்டர். அமீனோடு பிணையும் அதன் ஐசோதயோசயனேட் வடிவத்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, அமீன் தொகுதிகள் கொண்ட துகள் கரைசலில் பிஎச் 8.5 முதல் 9 வரை வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். டிஎம்எஸ்ஓ மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் லிப்போசோம் கசியும், பல துகள்கள் திரளும். இந்தக் கட்டத்தில் பிஎச்சை நிலையாக வைக்க டிரிஸ் பஃபர் பயன்படுத்தினால் பஃபரின் அமீனே கிலேட்டரைத் தின்றுவிடும், துகளில் எதுவும் ஏறாது. 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் விட்டபின், ஒட்டாமல் மிஞ்சிய டிஎஃப்ஓவை முழுவதுமாக நீக்க வேண்டும். இங்கே சோம்பல் காட்டினால் பின்னால் விலை கொடுக்க நேரும். தனியாக மிதக்கும் டிஎஃப்ஓ துகளில் இருப்பதைவிட வேகமாகச் சிர்கோனியத்தைப் பிடித்துக்கொள்ளும். அது ஊசியில் போனால் சில நிமிடங்களில் சிறுநீர்ப்பையில் தெரியும், துகள் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது என்று தவறாக எழுத வைக்கும்.

சிர்கோனியம் வழக்கமாக 1 மோலார் ஆக்ஸாலிக் அமிலத்தில் ஆக்ஸலேட்டாக வரும். அதைச் சோடியம் கார்பனேட்டால் மெதுவாக நடுநிலையாக்க வேண்டும். கரியமில வாயு பொங்கும், மூடியை உடனே அடைத்தால் தெறிக்கும். குமிழ் அடங்கியதும் ஹெப்பெஸ் பஃபர் சேர்த்துப் பிஎச் 7 அளவில் நிறுத்தித் துகளோடு கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம். பிஎச் கூடிவிட்டால் சிர்கோனியம் ஹைட்ராக்சைடாகத் திரியும். உலோகக் கரண்டி, சாதாரணக் குழாய் நீர் பட்ட குப்பி எல்லாம் இங்கே எதிரிகள். கால் நானோகிராம் சிர்கோனியத்தோடு போட்டியிட, குப்பிச் சுவரில் ஒட்டியிருக்கும் இரும்பும் துத்தநாகமும் பல மடங்கு அதிகம். கடைசியில் உலோகத்தைப் பிடிக்கும் இடிடிஏ சில மில்லிமோலார் சேர்த்துப் பத்து நிமிடம் விட்டால், துகளின் மேல் இளக்கமாக ஒட்டியிருக்கும் உலோகம் அதனிடம் வந்துவிடும். பிறகு ஜெல் வடிகுழாய் அல்லது மைய விலக்கு வடிகட்டி வழியாகத் தூய்மைப்படுத்தல்.

உள்ளே அடைக்கும் வழி லிப்போசோமுக்கு மிக ஏற்றது. ஆக்ஸின் என்ற கொழுப்பில் கரையும் மூலக்கூறு உலோக அணுவைச் சுமந்து சவ்வைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே இன்னும் வலுவான கிலேட்டர் காத்திருந்தால் அணுவைப் பறித்துக்கொள்ளும், ஆக்ஸின் வெறுங்கையோடு வெளியே வரும். சில மருந்துகளே அந்த வேலையைச் செய்கின்றன. உலோகத்தைப் பிடிக்கும் அலெண்ட்ரோனேட், டாக்சோரூபிசின் போன்றவற்றை ஏற்கெனவே நிரப்பிய லிப்போசோமில் புதிதாக எதையும் ஒட்டாமலே தடங்காட்டியை ஏற்றலாம். மேற்பரப்பு தொடப்படவில்லை என்பதால் துகளின் நடத்தை மாறுவதில்லை, இது பெரிய நன்மை. லிப்பிட் மூலக்கூறின் தலையில் தடங்காட்டியைக் கட்டிச் சவ்வில் செருகும் முறையில் இந்த நம்பிக்கை கிடையாது. லிப்பிட் சவ்விலிருந்து நழுவி இரத்தத்தின் லிப்போபுரோட்டீன்களுக்கு மாறிவிடக்கூடும், அப்போது படம் காட்டுவது கொழுப்பின் பயணத்தை.

மூன்றாவது வழியில் தங்கத் துகளைத் தங்கம்-198 கொண்டே செய்வது, தாமிர சல்ஃபைடு துகளைத் தாமிரம்-64 கொண்டு வளர்ப்பது போன்றவை வரும். சிலிக்காவின் ஆக்சிஜன்கள் சிர்கோனியத்தைக் கிலேட்டர் இல்லாமலே இறுகப் பிடிக்கும் என்பதும் இதில் சேரும். கழலும் ஆபத்து குறைவு. ஆனால் தயாரிப்பு முழுவதும் கதிரியக்கத்தோடு நடக்க வேண்டும், துகள் கரையும்போது அணுவும் கரைந்து வெளிவரும்.

கட்டு நிற்கிறதா?

தூய்மையை டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பிரிகை) தாளில் பார்ப்பது வழக்கம். இடிடிஏ கரைசலில் தாளை நிறுத்தினால் தனி சிர்கோனியம் இடிடிஏவைப் பற்றிக்கொண்டு தாளின் உச்சிக்கு ஓடும், துகள் அடியிலேயே நிற்கும். அடியில் 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தேறிவிட்டது என்பார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஹைட்ராக்சைடாகத் திரிந்த சிர்கோனியமும் காலியமும் அடியிலேயே நிற்கும். தாள் 98 சதவீதம் காட்டும், ஊசியில் போவதோ பாதி கூழ்ம உலோகம். அது நேரே கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகும், துகளும் அங்கேதான் போகும், ஆக யாருக்கும் சந்தேகம் வராது. இதைப் பிடிக்க இரண்டு வெற்று ஓட்டங்கள் வேண்டும். துகளே இல்லாமல் அதே படிகளை அப்படியே செய்து அடியில் எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பது ஒன்று. கிலேட்டர் பொருத்தாத துகளோடு செய்து, உலோகம் சும்மா மேற்பரப்பில் ஒட்டுகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டும் இல்லாத 98 சதவீதத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்க முடியாது.

அடுத்தது சீரம், அதாவது இரத்தத்தின் உயிரணுக்கள் நீக்கிய நீர்ப்பகுதி, கொண்டு செய்யும் சோதனை. சுண்டெலியின் சீரத்தில், 37 டிகிரியில், ஸ்கேன் எத்தனை நாள் நடக்குமோ அத்தனை நாளும் வைத்துப் பார்க்க வேண்டும். ஏழு நாள் ஆய்வுக்கு 24 மணி நேரச் சோதனை போதாது. உப்புக் கரைசலில் மட்டும் சோதித்தால் எல்லாமே நிலையாகத்தான் தெரியும், ஏனென்றால் அங்கே உலோகத்தைப் பறிக்க, இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரின் இல்லை, நொதி இல்லை. சீரத்தில் தேறியதும் உடலில் தேறிவிடும் என்றும் சொல்ல முடியாது. கல்லீரல் உயிரணுக்களின் செரிமானப் பையான லைசோசோமில் இருக்கும் அமிலமும் புரத நொதிகளும் சீரத்தில் கிடையாது.

துகளின் அளவையும் மின்னூட்டத்தையும் கட்டுவதற்கு முன்னும் பின்னும் அளப்பது கட்டாயம். 100 நானோமீட்டர் துகள் 140 ஆகிவிட்டால் திரள்கிறது என்று பொருள். வடிகட்டியில் வேகமாகச் சுழற்றியதே பல நேரம் காரணமாக இருக்கும். வடிகட்டியின் சவ்விலேயே பாதித் துகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. வடிநீர், சவ்வு, மீந்த கரைசல் மூன்றையும் எண்ணிக் கூட்டினால் தொடக்கத்தில் போட்டது வர வேண்டும்.

ஊசி போடும் நாள்

20 கிராம் சுண்டெலியின் உடலில் மொத்த இரத்தமே ஒன்றரை மில்லிலிட்டர் அளவுதான். 100 முதல் 200 மைக்ரோலிட்டருக்கு மேல் சிரையில் செலுத்துவது இரத்த ஓட்டத்தையே மாற்றும். வாலை விளக்கொளியிலோ வெதுவெதுப்பான நீரிலோ சூடாக்கினால் சிரை விரியும். ஊசி சிரையை விட்டு விலகினால் மருந்து வாலின் திசுவில் தேங்கி, அங்கிருந்து மெதுவாகக் கசியும். அப்போது இரத்தத்தில் சுற்றும் நேரம் நீண்டதாகத் தோன்றும். துகள் நீடித்துச் சுற்றுகிறது என்ற இனிப்பான முடிவு இப்படியும் பிறக்கலாம். ஆகவே ஒவ்வொரு ஸ்கேனிலும் வால் படத்துக்குள் வர வேண்டும், கடைசியில் வாலையும் தனியே எண்ண வேண்டும். வாலில் 5 சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் அந்த விலங்கைக் கணக்கிலிருந்து நீக்குவது நல்ல வழக்கம், அதைக் கட்டுரையில் சொல்லிவிடுவது அதைவிட நல்லது.

செலுத்திய அளவு என்பது ஊசிக்குழலில் எடுத்த அளவு அல்ல. செலுத்துவதற்கு முன்னும் பின்னும் குழலை அளந்து கழிக்க வேண்டும், அளந்த நேரத்தை நிமிடத்தோடு குறிக்க வேண்டும். நானோ துகள் பிளாஸ்டிக்கில் ஒட்டும் பழக்கம் உள்ளது, சில தயாரிப்புகளில் பத்தில் ஒரு பங்கு குழலிலேயே நின்றுவிடும்.

மயக்கத்துக்கு ஐசோஃப்ளுரேன், தொடங்க 3 முதல் 4 சதவீதம், தொடர 1.5 முதல் 2 சதவீதம். மயங்கிய சுண்டெலி சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும், வெப்பப் படுக்கை இல்லாமல் ஸ்கேன் செய்தால் தோலுக்கும் கட்டிக்கும் போகும் இரத்தம் குறையும், எண் மாறும். முதல் ஒரு மணி நேரத்தைத் தொடர்ச்சியாகப் படமெடுத்தால் இரத்தத்திலிருந்து மறையும் வேகம் கிடைக்கும். பிறகு 4, 24, 48, 72 மணி நேரங்களில் தனித்தனி ஸ்கேன். 10 நிமிடத்தில் தொடங்கியது கடைசி நாளில் அரை மணி நேரமாவது தேவைப்படும். இந்தியாவில் இந்த வேலைக்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும் வேண்டும்.

எண்ணைப் படிக்கும்போது

72 மணி நேரத்தில் சிர்கோனியம்-89 இயல்பாகவே 53 சதவீதமாகக் குறைந்திருக்கும். இந்தச் சிதைவைத் திருத்திக் கணக்கிட்ட பிறகே துகள் வெளியேறியதா என்று கேட்க முடியும். திருத்தம் எந்த நேரத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதை ஸ்கேனர், எண்ணும் கருவி, கணக்குத் தாள் மூன்றிலும் ஒன்றாக வைக்காவிட்டால் ஒரே சிதைவை இருமுறை திருத்திவிடுவோம்.

ஒரு கிராம் திசுவுக்குச் செலுத்திய அளவில் எத்தனை சதவீதம் என்பதுதான் வழக்கமான அலகு. இது கட்டிக்குச் சாதகமாகப் பேசும் அலகு. 0.1 கிராம் கட்டியில் கிராமுக்கு 8 சதவீதம் என்றால் கட்டி முழுவதிலும் இருப்பது 0.8 சதவீதம். 1.2 கிராம் கல்லீரலில் கிராமுக்கு 30 சதவீதம் என்றால் மொத்தம் 36 சதவீதம். இரண்டு எண்களையும் தர வேண்டும். பத்தாண்டு ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து டொராண்டோ குழு 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டில், கட்டிக்குப் போய்ச் சேர்ந்த நானோ துகளின் இடைநிலை அளவு செலுத்தியதில் 0.7 சதவீதம். கிராம் கணக்கில் மட்டும் எழுதிப் பழகியவர்களுக்கு அந்த எண் அதிர்ச்சியாக இருந்தது.

அந்தக் கட்டி எண்ணிலும் இரத்தத்தின் பங்கு உண்டு. இரத்தத்தில் கிராமுக்கு 25 சதவீதம் சுற்றிக்கொண்டிருக்க, கட்டியின் கன அளவில் 5 சதவீதம் இரத்தம் என்றால், துகள் ஒன்றுகூடக் குழாயை விட்டு இறங்காமலே கட்டி கிராமுக்கு 1.25 சதவீதம் காட்டும். முதல் மணி நேரத்தில் கல்லீரல் ஒளிர்வதிலும் பெரும்பங்கு அதன் இரத்தமே. சிறிய உறுப்புகளில் இன்னொரு பிழை வரும். கருவி பிரித்தறியும் தூரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கைவிடச் சிறிய எதுவும் மங்கி, உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். பக்கத்தில் கல்லீரல் போலப் பிரகாசமான உறுப்பு இருந்தால் அதன் ஒளி வழிந்து, உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். ஆகவே கடைசி நாளில் உறுப்புகளை எடுத்து எடை போட்டுக் காமா எண்ணியில் எண்ணாமல், படத்தின் எண்ணை மட்டும் நம்பி முடிவு எழுதக் கூடாது.

கழன்ற அணு எங்கே போகும் என்பது அணுவுக்கு அணு வேறு. சிர்கோனியமும் ஃபுளோரைடும் எலும்புக்கு. அயோடைடு தைராய்டுக்கும் வயிற்றுக்கும். பெர்டெக்னிடேட்டாக மாறிய டெக்னீசியம் தைராய்டு, வயிறு, உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு. காலியமும் இண்டியமும் டிரான்ஸ்ஃபெரினில் ஏறி இரத்தத்தில் சுற்றும், இண்டியம் பிறகு எலும்பு மச்சைக்குப் போகும். இவற்றில் மிகவும் கவனம் வேண்டியது தாமிரம். கழன்ற தாமிரம் கல்லீரலுக்குப் போய் அங்குள்ள புரதங்களில் அடங்கிவிடும். நானோ துகள் போகும் என்று நாம் எதிர்பார்க்கும் இடமும் அதுவே. முழங்கால் ஒளிர்ந்தால் சந்தேகம் வரும், கல்லீரல் ஒளிர்ந்தால் வராது. டோட்டாவைவிட நோட்டா வகைக் கிலேட்டர் தாமிரத்தை இறுகப் பிடிப்பதால் இங்கே அதையே தேர்வது நல்லது. தனித் தாமிரம், கிலேட்டர் பிடித்த தாமிரம், துகளில் கட்டிய தாமிரம் மூன்றையும் தனித்தனி விலங்குகளில் செலுத்தி ஒப்பிடுவது செலவுதான், ஆனால் அதற்கு மாற்று கிடையாது.

இதைவிடத் தெளிவான வழி இரட்டைத் தடங்காட்டி, அதாவது துகளின் இரண்டு பகுதிகளில் இரண்டு வெவ்வேறு அணுக்கள். 2015இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் தங்கம்-198 கொண்ட கருவும், இண்டியம்-111 கட்டிய பாலிமர் உறையும் உள்ள துகளைச் செய்து எலிகளின் சிரையில் செலுத்தினார்கள். கருவும் உறையும் சேர்ந்தே இருந்தால் இரண்டு அணுக்களும் ஒவ்வோர் உறுப்பிலும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். அப்படி இல்லை. தங்கம் பெரும்பாலும் கல்லீரலில் தங்கியது. இண்டியத்தில் ஒரு பகுதி, துகளே இல்லாமல் கிலேட்டர் மட்டும் பிடித்த இண்டியம் எப்படிப் பரவுமோ அப்படிப் பரவியிருந்தது. கல்லீரலின் புரத நொதிகள் உறையை வெட்டியிருக்கின்றன என்பதை அடுத்துச் செய்த சோதனைகள் காட்டின. உறையில் மட்டும் தடங்காட்டி வைத்திருந்தால் துகள் உடலை விட்டு வெளியேறுகிறது என்ற முடிவுக்கும், கருவில் மட்டும் வைத்திருந்தால் துகள் முழுதாகக் கல்லீரலில் இருக்கிறது என்ற முடிவுக்கும் வந்திருப்பார்கள். இரண்டுமே பாதி உண்மை.

சரியாகக் கட்டிய தடங்காட்டி வேறு எந்த வழியிலும் எளிதில் தெரியாத ஒன்றைக் காட்டிய கதையும் உண்டு. நெதர்லாந்தின் நைமேகன் குழு டெக்னீசியம்-99எம் கட்டிய, பாலிஎத்திலீன் கிளைக்கால் போர்த்திய லிப்போசோம்களை எலிகளுக்கு வாரம் ஒருமுறை செலுத்தி 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. முதல் முறை நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் பாதிக்குமேல் இரத்தத்தில் இருந்தது. இரண்டாம் முறை அதே நேரத்தில் இரத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை, கல்லீரல் அள்ளிக்கொண்டுவிட்டது. உடல் அந்தப் போர்வைக்கு எதிராக எதிர்ப்புரதம் செய்யக் கற்றுக்கொண்டிருந்தது என்பது பின்னர் விளங்கியது. ஒரே ஊசியோடு ஆய்வை முடித்திருந்தால் இது தெரியவே வந்திருக்காது. வாரந்தோறும் மருந்து வாங்கும் நோயாளியை நினைத்தால், இரண்டாம் ஊசியையும் படமெடுக்காத விலங்கு ஆய்வு பாதி வேலைதான்.

செலுத்தும் துகளின் எண்ணிக்கையும் முடிவை மாற்றும். சுண்டெலியில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி துகள்களைத் தாண்டினால் கல்லீரலின் குப்ஃபர் உயிரணுக்கள் விழுங்கித் தீர்க்க முடியாமல் திணறும், துகள் இரத்தத்தில் நீடிக்கும், கட்டிக்குப் போவதும் கூடும் என்று அதே டொராண்டோ குழு 2020இல் காட்டியது. படமெடுப்பவர்களுக்கு இது நேரடியான எச்சரிக்கை. கதிரியக்க அளவு போதுமென்று தடங்காட்டி கட்டிய துகளை மட்டும் சிறிதளவு செலுத்தினால், மருத்துவ அளவில் கொடுக்கும்போது நடப்பதைவிடக் கல்லீரல் அதிகமாகவும் கட்டி குறைவாகவும் தெரியும். தடங்காட்டி இல்லாத துகளையும் சேர்த்து, மருந்தின் உண்மையான அளவுக்குக் கொண்டுவந்து செலுத்த வேண்டும்.

மனிதர்களிடமும் இந்த முறை நெடுநாளாகப் புழங்குகிறது. டெக்னீசியம் கட்டிய சல்ஃபர் கூழ்மம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கல்லீரல் ஸ்கேனுக்கும், பிறகு மார்பகப் புற்றுநோயில் காவல் நிணநீர் முடிச்சை (நோய் முதலில் பரவக்கூடிய முடிச்சு) கண்டுபிடிக்கவும் பயன்படும் துகள்தான். லண்டனில் இண்டியம்-111 அடைத்த லிப்போசோமை 17 புற்றுநோயாளிகளுக்குச் செலுத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வு, தலை, கழுத்துக் கட்டிகள் நிறைய உள்வாங்குவதையும் மார்பகக் கட்டிகள் குறைவாக உள்வாங்குவதையும் காட்டியது. ஒரே வகைக் கட்டியை ஒரே வயதுச் சுண்டெலிகளில் வளர்த்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடு மறைந்திருக்கும்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையும் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய 6, 7 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்காத் துகளை, அயோடின்-124 கட்டி, பரவிய மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள ஐந்து நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள். முடிவு 2014இல் வெளிவந்தது. பெட் படங்களில் துகள் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது தெரிந்தது. ஆனால் கழன்ற அயோடைடும் சிறுநீர்ப்பைக்குத்தான் வரும். அதனால் அவர்கள் படத்தோடு நிற்கவில்லை. நோயாளிகளின் இரத்தத்தையும் சிறுநீரையும் வேளை வேளைக்கு எடுத்து, அதிலிருக்கும் கதிரியக்கம் துகளில் இருக்கிறதா, தனி அயோடினில் இருக்கிறதா என்று டிஎல்சி தாளில் ஓட்டிப் பார்த்தார்கள்.